பக்கத்து வீட்டில் முந்திச் சுட்டார்கள்

அடி அண்ணாமலை கிராமத்தில் டிவியைத் திட்டுவதற்கென்றே பிறந்த ஆள் ஒருத்தர் உண்டென்றால் அது வேணுதான். ஐம்பத்தெட்டு வயது, ஒன்றரை ஏக்கர் நிலம், இரண்டு மாடு, எதைப் பற்றிக் கேட்டாலும் கையில் ஒரு அபிப்பிராயம். மனைவி சரோஜா சாயங்காலம் சீரியல் போட்டு உட்கார்ந்தால் போதும், அங்கே எவளோ அழுவதற்கு இங்கே நீ ஏன் மூக்கைச் சிந்துகிறாய் என்று ஆரம்பித்துவிடுவார். டிவி பார்க்கிற குடும்பம் உருப்பட்டதாகச் சரித்திரமே கிடையாது என்பார். அப்பேர்ப்பட்ட மனுஷன், தொப்பி போட்ட குதிரைக்காரன் கதையில் போய்த் தலைகுப்புற விழுந்தார் என்றால் ஊரில் பாதிப் பேர் இன்றைக்கும் நம்புவதில்லை.

முதலில் விழுந்தது கிணற்று மேட்டில். மோட்டார் கொட்டகைப் படியில் பாசி பிடித்துக் கிடந்தது. அதைத் தேய்த்துவிட வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவரும் இதே வேணுதான். வலது கணுக்காலுக்கு மேலே எலும்பு விரிசல் விட்டது. ஆஸ்பத்திரியில் முழங்கால்வரை மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். மகள் கவிநிலாவுக்கு ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்த நேரம். பந்தல்காரனையும் சமையல்காரனையும் விரட்ட வேண்டிய மனுஷன் கட்டிலில் கிடந்து கூரையில் ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

சரோஜாவுக்குக் கிரிவலப் பாதையில் ஒரு பெட்டிக்கடை. மத்தியானம் சோறு போட்டுவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்பினால் திரும்ப ஏழு ஆகும். கவிநிலாவுக்கு வேங்கிக்காலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. தனியாகக் கிடக்கிற மனுஷனுக்குப் பேச்சுத்துணையாக இருக்கட்டும் என்று சரோஜா டிவியைப் போட்டாள். ரிமோட்டை வழக்கம்போல ஃப்ரிட்ஜ் மேலே வைத்துவிட்டுப் போய்விட்டாள். காலையில் கவிநிலா எதையோ பார்த்துவிட்டு அப்படியே விட்ட சேனல். வேணுவால் எழுந்து போய் நிறுத்தவும் முடியாது, மாற்றவும் முடியாது. மூன்று மணிக்கு அந்தத் தொடர் ஆரம்பித்தது.

அமெரிக்காவில் நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தி நடக்கிற கதை. தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். எங்கே பார்த்தாலும் புழுதி, மர வீடு, முள்வேலி, இடுப்பில் துப்பாக்கி. "என் எல்லையைத் தாண்டாதே, நண்பனே" என்று ஒருத்தன் சொன்னான். குதிரைமேல் உட்கார்ந்துகொண்டு இலக்கணம் பேசுகிறான் பார் என்று வேணு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்போதுதான் ஒரு மாடு கத்தியது. சாதாரணக் கத்தல் இல்லை, ஈன முடியாமல் தவிக்கிற மாட்டின் கத்தல். முப்பது வருஷம் மாடு கட்டியவனுக்கு அது எந்த நாட்டு மாடாக இருந்தால் என்ன? திரும்பிப் பார்த்தார்.

மார்த்தா என்று ஒரு விதவை. ஆள் துணை இல்லாமல் பண்ணையை நடத்துகிறவள். அவளுடைய மாட்டுக்குத் தலைப்பிரசவம், கன்றின் முன்னங்கால் மடங்கி உள்ளேயே சிக்கிக்கொண்டது. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்துப் பண்ணைக்காரன் சைலஸ். மார்த்தாவுக்கு வரவேண்டிய ஓடைத் தண்ணீரை மறித்துக்கொண்டவன், அவளுக்கு ஜென்ம விரோதி. அவன் வேலியில் சாய்ந்து பார்க்கிறான், பார்க்கிறான், கடைசியில் மனசு கேட்காமல் தாண்டிக் குதித்து வருகிறான். கையை உள்ளே விட்டு, கன்றைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, காலை நிமிர்த்தி, மாடு முக்குகிற நேரம் பார்த்து இழுக்கிறான். கன்று விழுந்ததும் வைக்கோலால் அதன் மூக்கைத் துடைக்கிறான். பிறகு கையைக் கழுவாமல்கூட வேலியைத் தாண்டித் தன் பக்கம் போய்விடுகிறான்.

வேணு எழுந்து உட்கார்ந்திருந்தார். கால் வலித்ததுகூடத் தெரியவில்லை. கன்றைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அப்புறம்தான் இழுக்க வேண்டும் என்பது புத்தகம் படித்தவனுக்குத் தெரியாது. இதை எழுதினவன் கட்டாயம் மாடு வைத்திருந்தவன்தான் என்று அவருக்குப் பட்டது. அந்த ஒரு நம்பிக்கையில்தான் மனுஷன் மாட்டிக்கொண்டார்.

மறுநாள் இரண்டே முக்காலுக்கே தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள், காற்று வரவில்லை என்று சொல்லிக் கட்டிலை டிவிக்கு நேரே இழுத்துப் போடச் சொன்னார். நான்காம் நாள் ரிமோட்டைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார், எதற்கென்று சொல்லவில்லை. சரோஜாவும் கேட்கவில்லை. முப்பது வருஷக் குடித்தனத்தில் எதைக் கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஏழு மணிக்கு வந்து டிவியின் முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தனக்குள் சிரித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அந்தக் கதையில் எதுவும் நினைத்த மாதிரி நடப்பதில்லை. இப்போது சுடுவான், இதோ சுடுவான் என்று பார்த்தால் ஐந்து நாளாக ஒருத்தனும் சுடவில்லை. சைலஸ் கெட்டவன்தான், ஆனால் தான் சாப்பிடுவதற்கு முன்னால் குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிறான். மார்த்தா நல்லவள்தான், ஆனால் கோபத்தில் அவன் வைக்கோல் போருக்கு நெருப்பு வைத்துவிட்டாள். யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் வேணு தவித்தார். தப்பு இவன்மேல்தான் என்று ஆளைக் காட்டிக் கொடுத்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். எழுதினவன் அதை மட்டும் செய்ய மாட்டேன் என்றான்.

இரண்டாவது வாரம்தான் விஷயம் வெளியே வந்தது. தண்ணீர்ச் சண்டை எல்லாம் மேலுக்கு. மார்த்தாவின் புருஷனைப் புதைத்த அன்றைக்கு, நாலு பேர் முன்னால் சைலஸ் ஒரு வார்த்தை விட்டிருந்தான். 'உன் புருஷன் கோழையாக வாழ்ந்து கோழையாகச் செத்தான்.' அதைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. அவனாலும் மறக்க முடியவில்லை. தினம் வேலி வரைக்கும் வருவான், தொப்பியைக் கழற்றுவான், ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போவான். அன்றைக்கு வேணு முதல்முறையாகக் கதை முடிவதற்கு முன்பே டிவியை நிறுத்தினார்.

ஏனென்றால் அவரும் ஒரு வார்த்தை விட்டிருந்தார். தம்பி தருமனிடம்.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே வீட்டில் பிறந்து, அப்பா முனிரத்தினம் போன பிறகு வீட்டின் நடுவே ஒற்றைக்கல் சுவர் எழுப்பிக்கொண்டவர்கள். நிலம் பிரிந்தது, கிணறு மட்டும் பொது. ஒருநாள் இவர் முறை, ஒருநாள் அவன் முறை. நாலு வருஷத்துக்கு முன்னால், நல்ல கோடையில், வேணுவின் முறையன்று பகல் முழுக்க மும்முனைக் கரண்ட் வரவில்லை. மறுநாள் விடிந்ததும் வந்தது, முறை தருமனுக்கு மாறிவிட்டது. அவன் நெல்லுக்குத் தண்ணீர் கட்டினான். இவருடைய மல்லாட்டைச் செடி, காய் பிடிக்கிற நேரத்துக் கடலை, கண்ணெதிரே சுருண்டது. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. அந்த ஆத்திரத்தில், தெருவில் நாலு பேர் நிற்கையில், நீ எங்கப்பனுக்குப் பிறந்தவனே இல்லை என்று வேணு சொல்லிவிட்டார். தருமன் போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து வீட்டுக்குள் அடைந்துகொண்டான். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றதென்றால் ஒரேயடியாக நின்றுவிடவில்லை. நம் ஊரில் அதற்கு ஒரு வழி உண்டே, ஜாடைப் பேச்சு. கொல்லையில் இரண்டு வீட்டு மாட்டுக் கொட்டகைக்கும் நடுவே இடுப்பளவு சுவர். வேணு தன் செவலை மாட்டைப் பார்த்துச் சொல்வார்: "ஏ செவல, சில பேருக்கு வயிறு நெறஞ்சாதான் கண்ணு தெரியும்." அந்தப் பக்கம் தருமன் தன் ஆட்டைப் பார்த்துச் சொல்வான்: "ஏ கருப்பி, சில பேருக்கு வாய் மட்டும் ஜாஸ்தி." இப்படியே நாலு வருஷம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் அவர்கள் சண்டை மனப்பாடமாகியிருக்கும்.

மூன்றாவது வாரம் ஒரு வேடிக்கை. மார்த்தாவின் வீட்டுக்கு வெளியே ஒருத்தன் துப்பாக்கியை நீட்டுகிறான். இன்னும் சுடவில்லை. அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் 'டமார்' என்றது. வேணு தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். அடுத்த நொடி அவர் டிவியிலும் 'டமார்' என்றது. மார்த்தா கையைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. இவர் வீட்டில் டிஷ், தருமன் வீட்டில் கேபிள். கேபிளில் இரண்டு நொடி முந்தி வருகிறது. அவனும் இதைத்தான் பார்க்கிறான்.

அன்றிலிருந்து வேணுவுக்குக் கதை இரண்டு தடவை நடந்தது. முதலில் சுவருக்கு அந்தப் பக்கம், பிறகு கண்ணுக்கு முன்னால். தருமன் "அட நாசமாப் போறவனே" என்றால் இங்கே ஏதோ கெட்டது வரப்போகிறது என்று அர்த்தம். அவன் 'உச்' கொட்டினால் இவர் தலையணையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வார். ஒருநாள் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது, இரண்டு நொடி கழித்து இவரும் சிரித்தார். தம்பியின் சிரிப்பைக் கேட்டு நாலு வருஷம் ஆயிற்று என்று அப்புறம்தான் நினைத்துக்கொண்டார்.

ஆறு வாரம் முடிந்ததும் கட்டுப் பிரிக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். அங்கே வரிசையில் உட்கார்ந்து மூன்று மணி போயிற்று, நாலும் போயிற்று. குண்டடி பட்ட மார்த்தாவின் கை சீழ் பிடித்து, வெட்டியே ஆக வேண்டும் என்று வைத்தியன் கத்தியைக் காய்ச்சியதோடு முந்தின நாள் முடிந்திருந்தது. டாக்டர் இவர் கணுக்காலைத் திருப்பிப் பார்த்து வலிக்கிறதா என்று கேட்டபோது வேணுவுக்கு மார்த்தாவின் கைதான் வலித்தது. வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் கோலை ஊன்றிக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனார். சுவருக்கு அந்தப் பக்கம் தருமன் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தான்.

வேணு தொண்டையைச் செருமினார். "ஏ செவல, அந்தப் பொம்பள கைய வெட்டிட்டாங்களா இல்லியான்னு தெரியாம ராத்திரி பூரா கண்ண மூடல."

அந்தப் பக்கம் தழை கட்டுகிற சத்தம் நின்றது. ஆட்டைப் பார்த்துத் தருமன் சொன்னான்: "ஏ கருப்பி, வெட்டல. சைலஸ் போயி வேற வைத்தியரக் கூட்டியாந்துட்டான். ஆனா அவன்தான் கூட்டியாந்தான்னு அவளுக்குத் தெரியாது."

அதற்குப் பிறகு தினமும் காலையில் செவலைக்கும் கருப்பிக்கும் கதை நடந்தது. சைலஸ் நேரே போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று வேணு செவலையிடம் கேட்பார். சொல்வது அவ்வளவு லேசா என்று தருமன் கருப்பியிடம் கேட்பான். அவள் மன்னிப்பாளா என்று செவலையிடம் கேட்டுவிட்டு வேணு காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அதற்கு மட்டும் தருமன் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு மேய்க்கக் கிளம்பிவிட்டான்.

இதற்கு நடுவில் கல்யாணப் பத்திரிகை வந்து நின்றது. தேரடித் தெருவில் அச்சாபீஸ்காரர் அடித்துக் கொடுத்த மாதிரித் தாளைக் கவிநிலா கொண்டுவந்து அப்பாவின் மடியில் வைத்தாள். 'மு.வேணு – சரோஜா' என்று மேலே போட்டிருந்தது. கீழே சித்தப்பா என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் திருத்தித் தராவிட்டால் ஊரை அழைக்கிற நேரத்துக்குள் அச்சாகாது என்று சொல்லியிருந்தார்கள். பெயரை நாமே போட்டுவிடலாமே என்றாள் சரோஜா. சொல்லாமல் கொள்ளாமல் பெயரைப் போட்டு, அவன் பந்தக்கால் நட வராமல் போனால் அதைவிடக் கேவலம் உண்டா என்றார் வேணு.

கவிநிலா அதிகம் பேசுகிற பெண் இல்லை. "என்னைத் தோள்ல தூக்கினு கிரிவலம் சுத்துனது சித்தப்பாதான். அவர் பேரு இல்லாத பத்திரிகைய நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்பா. நீங்க போயி பேசுங்க." அதோடு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

போய்ப் பேசுவது. என்னவென்று பேசுவது? இந்த வயதில் இந்த மனுஷனுக்கு உலகத்தில் எல்லாவற்றைப் பற்றியும் பேச வரும், அது ஒன்றைத் தவிர. உண்மையைச் சொன்னால் வேணு சைலஸைத்தான் நம்பிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமையோடு தொடர் முடிகிறது. அவன் கடைசியில் மார்த்தாவிடம் எதையாவது சொல்லித்தானே ஆக வேண்டும்? மாடு தெரிந்தவன் எழுதியது, அவனுக்கு மனுஷனும் தெரிந்திருக்கும். அந்த வார்த்தையை அப்படியே வாங்கிக்கொண்டு வந்து தருமனிடம் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டுவைத்திருந்தார். சிரிக்காதீர்கள், அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றே கால் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. சைலஸ் தன் கையாலேயே ஓடையின் மறிப்பை உடைத்தான். தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு மார்த்தாவின் வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். மலைமேல் கருத்துக்கொண்டு வந்தது அப்போதுதான். ஆடி மாச மழை சடசடவென்று இறங்கியது. கரண்ட் போகவில்லை, அதுவே அதிசயம். ஆனால் படம் கட்டம் கட்டமாக உடைந்து, சைலஸ் பாதி வழியில் உறைந்து நின்று, பிறகு 'சிக்னல் இல்லை' என்று நீலமாகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் கேபிளில் குதிரை கனைத்தது.

வேணு நீலத் திரையையே ஒரு நிமிஷம் பார்த்தார். பத்திரிகைத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். கோலை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். அவர் வாசலிலிருந்து தம்பி வாசலுக்குப் பதினோரு அடிதான். நாலு வருஷமாகப் பக்கத்து ஊர் மாதிரி இருந்த வாசல்.

கதவு திறந்துதான் கிடந்தது. தருமனின் மனைவி மணிமொழி அவரைப் பார்த்ததும் பதறி எழுந்து ஒரு துண்டை நீட்டினாள். "வாங்க மாமா" என்றாள், அவ்வளவுதான் அவளுக்கு வந்தது. தருமன் பாயில் உட்கார்ந்திருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமலே பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் இவர் பக்கம் தள்ளினான். வேணு உட்கார்ந்தார்.

திரையில் சைலஸ் மார்த்தாவின் கதவைத் தட்டினான். அவள் திறந்தாள். அவன் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். "மார்த்தா" என்றான். வாயைத் திறந்தான்.

விளம்பரம் போட்டுவிட்டார்கள். ஒரு பெண் எண்ணெய்ச் சட்டியைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

அறையில் மழைச் சத்தம்தான். வேணு வழக்கம்போலச் செவலையைத் தேடினார். இங்கே மாடு ஏது? சட்டி கழுவுகிறவள்தான் இருந்தாள். வேறு வழியில்லாமல் அவளையே பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்: "ஏம்மா, நாலு வருசத்துக்கு முன்னாடி ஒருத்தன் கோவத்துல, நாலு பேரு முன்னாடி…"

"அந்தம்மாவுக்கு என்னா தெரியும்?" என்றான் தருமன். "நான் இங்கதான இருக்கேன். என்னப் பாத்து சொல்லு."

வேணு திரும்பினார். தம்பியின் மீசையில் பாதி நரைத்திருந்தது. இவ்வளவு கிட்டத்தில் பார்த்து நாளாயிற்று.

"தப்புடா தருமா. அது என் வாயில வந்திருக்கவே கூடாது. நாலு செடி காஞ்சதுக்கு உன்னையும் அசிங்கப்படுத்தி, செத்துப்போன அம்மாவையும் அசிங்கப்படுத்திட்டேன்."

தருமன் பாயிலிருந்து ஒரு கோரையைப் பிய்த்தான். பிறகு சுவரைக் காட்டினான். பாகம் பிரித்தபோது அவன் பங்குக்கு வந்த அப்பா படம், பக்கத்திலேயே முகம் பார்க்கிற கண்ணாடி. "நீ சொன்னது பொய்னு எனக்குத் தெரியும்ணா. ஆனாலும் தெனம் சவரம் பண்றப்போ அப்பா மூக்கயும் என் மூக்கயும் பாத்துனே நிக்கிறேன். நாலு வருசமா. வயசான காலத்துல இது என்னா பொழப்புன்னு மணிமொழி சிரிப்பா. எனக்கு நிறுத்த முடியல."

வேணுவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஒரு வார்த்தைதானே, ஆறிப்போயிருக்கும் என்று நாலு வருஷமாகத் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தார். தம்பியோ விடிந்தால் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருக்கிறான். வேணு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். தருமன் எழுந்து வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், மழையில் நனைந்திருந்த அண்ணனின் தலையைத் துவட்டினான். அவன் கண்ணிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"உனக்குதான்டா அப்பா மூக்கு" என்றார் வேணு துண்டுக்குள்ளிருந்து. "எனக்கு அம்மா மூக்கு. ஊரையே கேளு."

அவர்கள் நிமிர்ந்து பார்த்தபோது திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. வேலி இருந்த இடத்தில் வெறும் புல். தூரத்தில் இரண்டு பேர் நிற்கிற மாதிரி இருந்தது. சைலஸ் என்னதான் சொன்னான் என்று வேணு மணிமொழியைக் கேட்டார். உங்கள் இரண்டு பேரையும் பார்ப்பேனா அதைப் பார்ப்பேனா என்று அவள் மூக்கைச் சிந்தினாள். மார்த்தா மன்னித்தாளா, கதவைச் சாத்தினாளா என்று அந்த மூன்று பேருக்கும் இன்றுவரை தெரியாது.

மணி நாலாகியிருந்தது. வேணு சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார், ஓரம் நனைந்திருந்தது. பந்தக்கால் நட நீதான் வர வேண்டும் என்றார். சித்தப்பா என்ற இடத்தில் உன் கையாலேயே எழுது என்று பேனாவையும் கொடுத்தார். தருமன் நாற்காலியின் கைப்பிடியில் தாளை வைத்து நிதானமாக எழுதினான். 'தருமன்' என்று எழுதினான். பேனாவை மூடப் போனான்.

வேணு பேனாவை வாங்கி, அந்தப் பெயருக்கு முன்னால் 'மு.' என்று சேர்த்தார்.